முற்றத்து வானம்

பெரிய காஞ்சிபுரத்தில் வாழ்வோர்க்கு வானம் புதியதன்று. ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம் நிலவையும் விண்மீனையும் கணக்கிட்டே நாள் குறிக்கப்பெறுகிறது. நம் உயிர்ப்புப் பெருவிழாவும் அவ்வாறே. திருஅவையின் கணிப்புப்படி மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே அவ்விழா நாள். வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டும் நெசவாளர் குடும்பங்களுக்கு விடிவெள்ளி பழகிய முகம். மணமக்களுக்கு அருந்ததி காட்டும் வழக்கமும் இவ்வூர்த் தெருக்களில் இன்றும் உண்டு. பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையை நோக்கிக் கை காட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது என்பது வேறு செய்தி.

இவ்வாறு வானத்தோடு உறவு கொண்ட ஊரில், இன்று விண்மீன்கள்மீது ஆர்வம் கொள்ளும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம்? என்ன விலை ஆகும்?" என்பதே. விலையைக் கேட்டதும் பலருடைய ஆர்வம் அவ்விடத்திலேயே அடங்கிவிடுகிறது. வானியல் என்பது வெளிநாட்டாருக்கும், அரசு நிறுவனங்களுக்கும், பணம் படைத்தவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் சரிதானா?

விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காஞ்சிக்குத் தெற்கே புதுச்சேரி; வடகிழக்கே சென்னை; மேற்கே சவ்வாது மலையிலுள்ள காவலூர். இம்மூன்று இடங்களிலும், இன்னும் தெற்கே கொடைக்கானலிலும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இரவும் பகலும் வானத்தை நோக்கிக் குறிப்பெழுதி வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். இம்மண்ணில் வானியல் பெரும்பாலும் முற்றத்திலும் தோட்டத்திலுமே தொடங்கியது. கட்டடமும் கருவியும் பின்னர் வந்தன. நோக்கும் கண்ணும் எழுதும் கையுமே முதலில் இருந்தன.

வால்மீனைத் தேடியவர் கண்ட இரட்டை

பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி, கணிதம் வல்ல இயேசு சபைத் துறவியர் சிலரைச் சயாம் நாட்டுக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை ழான் ரிஷோ. 1688இல் சயாமில் எழுந்த அரசியல் புரட்சியால் அங்கிருந்து வெளியேற நேர்ந்த அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அக்காலத்தில் புதுச்சேரியில் வானாய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. அவரிடம் இருந்தது 12 அடி நீளமுள்ள ஒரு தொலைநோக்கி.

1689ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் விடியற்காலை வானில் வால்மீன் ஒன்று தோன்றியது. அதன் இடத்தை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறிப்பதற்காக ரிஷோ தம் தொலைநோக்கியைத் தென்வானத்தின்மீது திருப்பினார். சென்டாரசு என்னும் விண்மீன் கூட்டத்தின் காலடியில் ஒளிரும் பெருமீனை நோக்கியபோது, வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு என்பதைக் கண்டார். ஆல்ஃபா சென்டாரி என்று உலகம் அழைக்கும் விண்மீன் அது. நம் கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே என்பது பின்னாளில் தெரியவந்தது. அதன் ஒளி நம்மை அடைய 4 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. அவ்விரு மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி வழியாகச் செய்யப்பட்ட குறிப்பிடத்தக்க முதல் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று. தேடியது வால்மீனை, கிடைத்ததோ இரட்டை மீன். நாள்தோறும் வெளியே வந்து பார்ப்பவருக்கே இத்தகைய எதிர்பாராத கொடை கிட்டும். ரிஷோ 1693இல் மறைந்தார். அவர் கண்ட மீனை நாம் இன்றும் காஞ்சியின் மொட்டைமாடியிலிருந்து காணலாம். மே மாத இறுதியில் இரவு 10 மணியளவில், தென் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 16 பாகை உயரத்தில் அது நிற்கும். தெற்குத் திசையில் உயர்ந்த கட்டடம் மறைக்காமல் இருந்தால் போதும். இன்று விற்கப்படும் சிறு தொலைநோக்கியே அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

மேகமும் சோழியும்

ரிஷோவுக்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே புதுச்சேரிக்கு மற்றொரு பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் பெயர் கியோம் லெ ஜென்டில். வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியை அளந்தால், பூமிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணிக்கலாம் என்பது அக்கால அறிஞர்களின் திட்டம். 1761 ஜூன் 6ஆம் நாள் நிகழ்ந்த கடப்பைப் பார்ப்பதற்காக அவர் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நடுக்கடலில் ஆடும் கப்பலின் தளத்திலிருந்து அவர் அக்காட்சியைக் கண்டார். துல்லியமாக அளக்க இயலவில்லை. அடுத்த கடப்பு 8 ஆண்டுகள் கழித்து வரும் என்பதால் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைப் பகுதியில் நோக்குமிடம் அமைத்து, 1769 ஜூன் 4ஆம் நாள் காலைக்காகக் காத்திருந்தார். அன்று காலை சரியாக அந்த வேளையில் மேகம் மூடிக்கொண்டது.

லெ ஜென்டிலின் துயரக் கதையைப் பலர் எழுதியிருக்கின்றனர். ஆனால், காத்திருந்த நாள்களில் அவர் செய்த மற்றொரு செயலை நாம் மறந்துவிடுகிறோம். தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் அமர்ந்து கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணித்ததில் 41 வினாடிகளே குறைந்தன. அக்காலத்தில் ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட மேயரின் அட்டவணை வழியே கணித்ததில் 68 வினாடிகள் மிகுந்தன. இவ்விரு எண்களையும் அவரே பதிவு செய்தார்.

சென்னை வானாய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர், 1825இல் 'கால சங்கலிதம்' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். சாமிநாதன் சேஷையா என்று கொள்ளத்தக்க பெயருடைய அக்கணிதர், தாளோ எழுதுகோலோ இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை மீட்டெடுத்து, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கிடையே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவு நேரத்தில் 52 நிமிடமும் பிழை இருந்தன. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட வாய்பாட்டைத் திருத்தாமல் கையாண்டதன் விளைவு அது. நிலவின் ஓட்டத்தை 248 நாள்களுக்கு 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்யும் மரபு, தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கத்தில் இன்றும் தொடர்கிறது.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கிரகணம் கணிக்கும் அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது என்பது ஒன்று. கணக்கை மட்டும் நம்பி, வெளியே வந்து வானத்தைப் பார்த்துத் திருத்தாவிட்டால், எத்துணைச் சிறந்த கணக்கும் காலப்போக்கில் வழுவிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது நமக்குப் பெருமை தருகிறது. இரண்டாவதோ நமக்கு வேலை தருகிறது.

எழும்பூர்த் தோட்டத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை

சென்னையின் புகழ்பெற்ற வானாய்வுக்கூடமும் தனியார் ஒருவரது வீட்டு வளாகத்தில் பிறந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நோக்குமிடத்தை அமைத்தார். பிறகு தம் கருவிகளைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அவற்றைக் கொண்டு மைக்கேல் டாப்பிங் என்பவரின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. இந்திய இருப்புப்பாதைகள் நெடுங்காலம் பின்பற்றிய 'சென்னை நேரம்' இங்கே கணிக்கப்பட்டதே. கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் கல்வெட்டு உண்டு. ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் கருத்து. அதே கூடத்தில் பணியாற்றிய வாரன், திண்ணைக் கணிதர் ஒருவரின் சோழிகளைப் பற்றிப் பின்னாளில் எழுதினார் என்பதை எண்ணும்போது, கல்லில் பொறித்தவை எல்லாம் முழு உண்மை அல்ல என்பது புலனாகும்.

இந்த வானாய்வுக்கூடத்தில் 1861 முதல் 1891இல் இறக்கும் வரை தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலை வகுத்தவர் இவரே. 5 படி வேறுபாடு என்றால் ஒளியில் 100 மடங்கு வேறுபாடு என்பது அதன் விதி. இவருக்கு வலக்கையாக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனவர். தென்வானின் ரெட்டிகுலம் என்னும் கூட்டத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் இவர் கண்டுபிடித்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

இரகுநாதாச்சாரியின் பெருமை கண்டுபிடிப்போடு முடிவதில்லை. 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கடப்பு நிகழவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதனை விளக்கும் சிறுநூலை உரையாடல் வடிவில் எழுதி, இந்திய மொழிகளில் பரப்ப முயன்றார். மரபுவழிக் கணிதரையும் புதிய வானியலையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே திண்ணையில் அமரச் செய்தார் எனலாம். பஞ்சாங்கம், கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதிட்டு, தாமே அவ்வாறு கணித்தும் வெளியிட்டார். வாக்கியக் கணிதத்தில் விழுந்த பிழைகளை எண்ணிப் பார்த்தால் அவருடைய உழைப்பின் பொருள் விளங்கும்.

ஒளியைப் பிடித்து வைத்தவர்கள்

வானத்தை நோக்கி எழுதுவது ஒரு கலை. அதன் ஒளியைப் படமாகப் பிடித்து வைப்பது மற்றொரு கலை. இக்கலையின் தொடக்க வரலாற்றிலும் தமிழகத்துக்கு இடம் உண்டு. 1871 டிசம்பர் 12ஆம் நாள் முழுக் கதிரவ கிரகணம் நீலகிரியைக் கடந்தது. தொட்டபெட்டா மலைமீது டென்னன்ட் என்பவரின் குழு, ஒளிப்படக் கருவிகளோடு காத்திருந்தது. அக்காலத்து முறை மிகக் கடினமானது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் பிடித்து, ஈரம் காயுமுன் இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஏறத்தாழ 2 நிமிட இருளுக்குள் இவ்வளவும் திட்டமிட்டபடி நடைபெற்று, கதிரவனின் சுடர்வட்டம் தகட்டில் பதிந்தது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்துக்குப் பின், கதிரவனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுப்பெற்றது. அக்கேள்வியின் பயனாகவே கொடைக்கானலில் கதிரவ ஆய்வுக்கூடம் 1899இல் உருவாயிற்று. 1904 முதல் அங்கே கதிரவனை நாள்தோறும் படம் பிடித்து வருகின்றனர். கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே கண்டறிந்தவர் ஜான் எவர்செட். ஆயினும், ஒரே கதிரவனை ஒரே முறையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சலியாமல் பதிவு செய்த உழைப்பே கொடைக்கானலின் மிகப் பெரிய செல்வம். அத்தகடுகள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, உலகெங்குமுள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. முதல் தகட்டை எடுத்தவர், அது நூறாண்டு கழித்துப் பயன் தரும் என்று எண்ணியிருக்க முடியாது. அவர் அன்றைய நாளின் பணியை அன்றே செய்தார்.

இதே காலத்தில் வத்திக்கானிலும் இத்தகைய உழைப்பு நடைபெற்றது. வானம் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிந்து அட்டவணை ஆக்கும் உலகத் திட்டத்தில் வத்திக்கான் வானாய்வுக்கூடமும் பங்கேற்றது. தகடுகளில் விழுந்த விண்மீன்களின் இடத்தை ஒவ்வொன்றாக அளக்க ஆள் வேண்டியிருந்தது. குழந்தை மரியா சபையைச் சார்ந்த அருட்சகோதரிகள் நால்வர் 1910 முதல் 1921 வரை அப்பணியை ஏற்றனர். எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலொம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லுயிஜியா பன்செரி என்பன அவர்கள் பெயர்கள். அவர்கள் அளந்த விண்மீன்கள் 4,81,215. திட்டத்தை நடத்திய அறிஞர்களின் பெயர்கள் நூல்களில் இடம்பெற்றன. இச்சகோதரிகளின் பெயர்களோ 2016இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தன.

காவலூர் வந்த ஆறு அங்குலக் கருவி

முற்றத்து வானியலுக்கு நம் துணைக்கண்டத்தில் சிறந்த எடுத்துக்காட்டு ஒருவர் உண்டு. இன்றைய வங்காளதேசத்தைச் சார்ந்த ஜசோர் பகுதியில் வாழ்ந்த இராதா கோவிந்த சந்திரர், பள்ளி இறுதித் தேர்வில் மீண்டும் மீண்டும் தவறியவர். அரசு கருவூலத்தில் நாணயம் எண்ணும் சிறு ஊழியராகக் காலம் கழித்தார். 1910இல் ஹேலி வால்மீனை இருகண்நோக்கியால் பார்த்ததிலிருந்து அவருக்கு வானப் பித்துப் பிடித்தது. 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். ஒளி மாறும் விண்மீன்களை இரவுதோறும் அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து, அமெரிக்காவிலுள்ள மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பலானார். அவர் வாழ்நாளில் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேல்.

அவ்வுழைப்பைக் கண்ட சங்கம், 1926இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடலைக் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது. அவர் முதுமையுற்றபின் அக்கருவி வேணு பாப்புவிடம் சேர்ந்தது. ஐதராபாத் வானாய்வுக்கூடத்து ஊழியரின் மகனாகப் பிறந்தவர் பாப்பு. ஆர்வார்டில் மாணவராக இருந்தபோது 1949இல் ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டவர். சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1960களின் இறுதியில் பணி தொடங்கினார். சந்திரரின் அந்த 6 அங்குலக் கருவியும் இறுதியில் காவலூரை வந்தடைந்தது. 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய 1977 மார்ச் 10ஆம் நாள் நோக்குகளில் காவலூரும் பங்குபெற்றது. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி எழுந்தது. அதன் ஆடி பெங்களூரில் நம்மவர் கையால் இழைக்கப்பட்டது. 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு இராமானுசனின் பெயர் சூட்டப்பெற்றது. இத்தனை பெருமைக்கும் நடுவே நாணயம் எண்ணியவரின் சிறு கருவியும் இடம்பெற்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

காஞ்சியின் மாடியில் தொடங்குவது எவ்வாறு?

வரலாறு காட்டும் வரிசையிலேயே நாமும் தொடங்கலாம். முதலில் கண்ணும் குறிப்பேடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை முதல் சித்திரை வரை நம் ஊர் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். விளக்கு நேரே கண்ணில் படாத மூலையில் 20 நிமிடம் இருந்தால் கண் இருளுக்குப் பழகும். கார்த்திகைக் கூட்டம், செந்நிற ரோகிணி, திருவாதிரை, தெற்கே அகத்தியர் மீன் ஆகியவற்றை அடையாளம் காணலாம். நாள், நேரம், வானத்தின் நிலை, கண்டது எது என்ற நான்கையும் எழுதுதல் வேண்டும். 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரை விண்மீன் வெகுவாக மங்கியது. அதனை ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்த்த எவரும் வெறுங்கண்ணாலேயே அம்மாற்றத்தை உணர்ந்திருக்கலாம். போக்சனின் அளவுகோலும் சந்திரரின் முறையும் இவ்வளவு எளியவை.

அடுத்தது இருகண்நோக்கி. 7×50 அல்லது 10×50 என்று அதில் குறித்திருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைக் குறிக்கும். இரண்டாம் எண், முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் நிலவின் பள்ளங்களையும், 1610இல் கலிலேயோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும், கார்த்திகையில் கண்ணுக்குத் தெரியாத பல மீன்களையும் காணலாம்.

தொலைநோக்கி மூன்றாவது படி. கடைக்காரர் சொல்லும் மடங்குக் கணக்கைவிட, ஒளியைத் திரட்டும் வில்லை அல்லது ஆடியின் விட்டமே முதன்மையானது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதே பயனுள்ள எல்லை. 60 மில்லிமீட்டர்க் கருவி 450 மடங்கு காட்டும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டா. இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த சான்பிரான்சிசுகோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, மரப்பெட்டியில் நிறுத்தி எளிய தொலைநோக்கி செய்தார். இப்பித்தே காரணமாக 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நடைபாதையில் கருவியை நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு நிலவைக் காட்டலானார். இன்று உலகெங்கும் எளியோர் வாங்கும், தாமே செய்துகொள்ளும் தொலைநோக்கி அவர் பெயராலேயே வழங்குகிறது.

படம் பிடிக்க இன்றைய கைப்பேசியே போதுமானது. முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒளி நுழையும் நேரத்தை 20 வினாடிக்குள் வைத்து, தானே இயங்கும்படி அமைத்தால் விண்மீன் கூட்டங்கள் பதியும். அதற்கு மேல் நீட்டினால் பூமியின் சுழற்சியால் மீன்கள் கோடாகும். ஒரே இடத்தை 16 முறை எடுத்துக் கணினியில் சேர்த்துச் சராசரி கண்டால், படத்திலுள்ள புள்ளிக் குழப்பம் நான்கில் ஒன்றாகக் குறையும். கதிரவனை மட்டும் உரிய வடிகட்டியின்றிக் கண்ணாலோ கருவியாலோ ஒருபோதும் நோக்குதல் கூடாது. நொடிப்பொழுதில் பார்வை போகும். அட்டைத் துளையின் வழியே வெண்தாளில் விழும் உருவத்தைப் பார்ப்பதே சிறுவர்க்கு ஏற்றது.

எண்ணிப் பார்க்க வேண்டிய காலம்

இவற்றை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கண்ணெதிரே வானம் மறைந்து வருகிறது. 2011 முதல் 2022 வரை உலகின் பல பகுதிகளில் சாதாரண மக்கள் தம் வீட்டிலிருந்து வானத்தைப் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலான குறிப்புகள் ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. இந்நிலை நீடித்தால், 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதாகும்போது 100 விண்மீன்களையே காணும். இவ்வுண்மையை உலகுக்குச் சொன்னவர்கள் முற்றத்தில் நின்று எண்ணிய எளியோரே.

காஞ்சியும் இதற்கு விலக்கன்று. கடைவீதியின் விளக்குகள், தெருக்களின் வெண்மின்விளக்குகள், கோயில் கோபுரமானாலும் நம் ஆலயக் கோபுரமானாலும் விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகள் ஆகியவை அனைத்தும் மேல்நோக்கியும் ஒளியைச் சிந்துகின்றன. விளக்கு மண்ணுக்குத்தான் வேண்டும்; விண்ணுக்கு வேண்டியதில்லை. தெருவிளக்குக்கு மேல்மூடி இடுவதும், விழா முடிந்ததும் அலங்கார விளக்கை அணைப்பதும் செலவைக் குறைக்கும் செயல்களே. பெத்லகேமுக்கு விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த கீழ்த்திசை ஞானிகளைக் குடிலில் வைத்து வணங்கும் நாம், நம் பிள்ளைகளுக்குப் பின்தொடர ஒரு விண்மீனையாவது விட்டுவைக்க வேண்டாமா?

ஆகவே நாம் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். தை மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவு, வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். உச்சிவானில் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஐந்து தெரியும், ஒருவருக்கு ஆறு, கூரிய கண்ணுடையவர்க்கு ஏழும் தெரியலாம். எண்களைத் தேதியிட்டு, பெயரிட்டு ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தையிலும் அதே இடத்தில் நின்று எண்ணுங்கள்.